புதுச் செல்போனில் கீறல் இருந்தால் மாற்றிக் கேட்பது எப்படி?



கல்லாப்பெட்டியில் பாதி இன்று செல்போனுக்குள் போய்விட்டது. வாடிக்கையாளர் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது அதில்தான். சேலம் லீ பஜாருக்குச் சரக்கு சொல்வதும், ஆடிட்டருக்குப் பில் படம் அனுப்புவதும், கடன் பாக்கி வைத்தவரை நினைவுபடுத்துவதும் அதில்தான். ஆகவே மளிகைக் கடைக்காரர் செல்போன் வாங்குவது தராசு வாங்குவதற்குச் சமமான செலவு. அதை வாங்கும்போது மட்டும் நாம் வியாபாரி என்பதை மறந்துவிடுகிறோம். பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்த்து, உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்த்து வாங்குகிறவர், பதினெட்டாயிரம் ரூபாய் பொருளை அட்டைப் பெட்டியோடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்.

வாழப்பாடியில் கடை வைத்திருக்கும் ஒருவர் சேலம் போய் அப்படி ஒரு போன் வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு கடையைச் சாத்திவிட்டு, வீட்டில் பெட்டியைப் பிரிக்கிறார். ஓரச் சட்டத்தில் மயிரிழை போல ஒரு கீறல். கேமரா கண்ணாடிக்கு உள்ளே ஒரு தூசி. மறுநாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு மீண்டும் சேலம் போகிறார். அங்கே கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "போன் நல்லாத்தானே வேலை செய்யுதுண்ணே, கவர் போட்டா தெரியவே தெரியாது." வற்புறுத்தினால், "எங்ககிட்ட ஒண்ணும் இல்லண்ணே, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பாருங்க." சர்வீஸ் சென்டரில், "கீறலுக்கு வாரண்டி கிடையாது." மூன்று இடம் அலைந்து, இரண்டு நாள் வியாபாரம் போய், கடைசியில் கவர் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்.

இதில் யார் சொன்னது சரி, யார் சொன்னது தவறு என்று பிரித்துப் பார்ப்பது நமக்கு இரண்டு வகையில் பயன்படும். நம்மில் பலர் செல்போன் வாங்குகிறவர்கள். சிலர் ரீசார்ஜ் கடையோடு போனும் வைத்து விற்கிறவர்கள்.

கீறல் எங்கே விழுகிறது?

புதுப் பொருளில் கீறல் இருக்குமா என்று கேட்பவர்கள் தொழிற்சாலைக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொப்பூர் கணவாய் ஏறி, தர்மபுரி, கிருஷ்ணகிரி தாண்டினால் ஓசூர். அங்கே டாட்டா நிறுவனத்தின் தொழிற்சாலையில் ஐபோனுக்கு வெளிக்கூடு செய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் லண்டன் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை அந்தத் தொழிற்சாலை பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. அங்கே செய்யப்படும் கூடுகளில் ஏறக்குறைய இரண்டில் ஒன்றுதான் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் தரத்தில் தேறுகிறது என்பது அந்தச் செய்தி. தொழில் பழகும் ஆரம்ப காலத்து நிலை அது. பாதியைக் கழித்துக் கட்டுகிற அளவுக்குப் பரிசோதனை கடுமையாக இருந்தது என்றும் அதைப் படிக்கலாம். அவ்வளவு சலித்தும் ஒன்றிரண்டு கல் தப்பி வருவது அரிசியில் நமக்குப் பழக்கம்தானே.

2012 செப்டம்பரில் ஐபோன் 5 வெளிவந்தபோது இந்த விஷயம் உலகச் செய்தியானது. கறுப்பு நிறப் போனைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஓரத்தில் வெள்ளி நிறக் கோடுகள் இருப்பதாகப் பலர் புகார் செய்தார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் மூத்த அதிகாரி பில் ஷில்லர், அலுமினியப் பொருள் புழக்கத்தில் கீறி வெள்ளி நிறம் தெரிவது இயல்பு என்று ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதினார். புழக்கத்தில் கீறுவது இயல்புதான். பெட்டிக்குள்ளேயே கீறியிருந்தால் என்ன செய்வது என்பதுதான் ஜனங்கள் கேட்ட கேள்வி. பரிசோதனையைக் கடுமையாக்கியதும், அக்டோபர் தொடக்கத்தில் சீனாவின் செங்சோ நகரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் தரம் பார்ப்பவர்களுக்கும் உற்பத்தித் தொழிலாளர்களுக்கும் தகராறு மூண்டது. ஒரு மயிரிழைக் கீறலுக்கு இவ்வளவு விலை.

காரணம் எளிமையானது. அலுமினியத்தின் மேல் மின்சாரம் பாய்ச்சி மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாக்கி, அதில் சாயம் ஏற்றுகிறார்கள். அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான். அது உரிந்தால் அடியில் உள்ள வெள்ளி நிறம் பளிச்சென்று தெரியும். கறுப்பு, கருநீல நிறங்களில் அதிகம் தெரியும். வெள்ளி நிறப் போனில் கண்ணுக்கே படாது. திரைக் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊற வைத்துக் கடினப்படுத்துகிறார்கள். ஆனாலும் மணல் துகள் அந்தக் கண்ணாடியைவிடக் கடினமானது. சட்டைப் பையில் சில்லறையோடு போட்டால் கீறாத திரை, ஒரு மணல் துகளில் கீறிவிடும்.

எல்லாக் கீறலும் தொழிற்சாலையில் விழுந்ததும் அல்ல. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 புரோ விற்பனைக்கு வந்தபோது, கடைகளில் காட்சிக்கு வைத்த போன்களின் முதுகில் வட்டமாகத் தடம் இருப்பதாகப் படங்கள் வந்தன. கடைகளில் தேய்ந்துபோன சார்ஜ் தாங்கிகளில் இருந்து ஒட்டிய அழுக்கு அது, துடைத்தால் போய்விடும் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அதனால் கோடு ஒன்று கண்ணில் பட்டதும், கீறலா, ஒட்டிய கறையா என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் விவகாரமானது. வேறொருவர் வாங்கித் திருப்பிய போன் மீண்டும் பெட்டிக்குள் போய்ப் புதிது என்ற பெயரில் வருவது. சீல் ஸ்டிக்கர் கோணலாக இருப்பது, சார்ஜ் செருகும் துளையின் ஓரம் தேய்ந்திருப்பது, ஒட்டுப் படலத்தின் அடியில் கைரேகை இருப்பது ஆகியவை அதற்கு அடையாளம். *#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். அந்த எண், பெட்டியில் உள்ள எண், பில்லில் எழுதிய எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளைப் போட்டு, இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முறையான எண்தானா என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பதில் வரும். கம்பெனியின் இணையதளத்தில் வாரண்டி தொடங்கிய தேதியைப் பார்க்கும் வசதி இருந்தால் அதையும் பார்க்கவும். நீங்கள் வாங்கிய தேதிக்கு முன்பே வாரண்டி ஓடத் தொடங்கியிருந்தால், கீறலைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. நேரே அந்தத் தேதியைக் காட்டிக் கேட்கலாம்.

வாரண்டி வேறு, விற்பனை வேறு

சர்வீஸ் சென்டர்காரர் சொன்னது ஒரு வகையில் உண்மை. அநேகமாக எல்லாக் கம்பெனிகளின் வாரண்டி அட்டையிலும், கீறல், நசுங்கல் போன்ற வெளித்தோற்றச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றுதான் அச்சிட்டிருக்கும். ஆப்பிள் வாரண்டியில், மூலப்பொருள் அல்லது வேலைப்பாட்டுக் குறையால் வந்தது என்றால் ஒழிய, என்று ஒரு விதிவிலக்கும் சேர்த்திருக்கிறது. ஆனால் வாரண்டி என்பது வாங்கிய பிறகு வரும் பழுதைப் பற்றியது. வாங்கும்போதே இருந்த குறை வாரண்டி விஷயமே அல்ல; அது விற்பனை விஷயம். புதுப் பொருளுக்கு விலை வாங்கிக்கொண்டு, குறையுள்ள பொருளைக் கொடுத்தது பற்றிய கேள்வி. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் நம்மவர்கள் கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் இடையே பந்தாடப்படுகிறார்கள்.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், "குறைபாடு" என்பதற்குத் தரும் விளக்கம் விரிவானது. பொருள் வேலை செய்யாமல் இருந்தால்தான் குறைபாடு என்று அது சொல்லவில்லை. தரத்தில், அளவில், தூய்மையில் உள்ள எந்தப் பழுதும், எந்த நிறைவின்மையும் அதில் அடங்கும். சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் மட்டும் இல்லாமல், விற்பவர் தாமே உரிமை கோரிய தரத்திலிருந்து குறைந்தாலும் குறைபாடுதான். "புத்தம் புதிது" என்று விளம்பரம் செய்த பொருள் கீறலோடு வந்தால் அந்த வார்த்தையே நமக்குச் சாட்சி.

அதே சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று எழுதியிருக்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள். போடவில்லை என்றால் முப்பது நாளுக்குள். பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில் அடியில் அச்சடித்து வைக்கும் பழக்கம் நம் கடைகளிலும் உண்டு. குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்த வரி நம்மைக் காப்பாற்றாது. எதிராளி வக்கீலுக்கு ஆதாரமாகத்தான் பயன்படும். அடுத்த முறை பில் புத்தகம் அச்சடிக்கும்போது எடுத்துவிடுவது உத்தமம்.

இப்போது வாங்குபவருக்கு எதிரான பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நாம் மூட்டை மூட்டையாகச் சரக்கு வாங்கி விற்பதும் அதன்படிதான். அதன் 16ஆம் பிரிவு, விவரம் சொல்லி விற்கும் பொருள் சந்தையில் விலைபோகும் தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: வாங்குபவர் பொருளைப் பரிசோதித்துவிட்டு வாங்கினால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வந்து சண்டை போட முடியாது. 42ஆம் பிரிவோ, வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம் என்கிறது. கடையிலேயே பிரித்துப் பார்த்து, திருப்தி என்று தலையாட்டிவிட்டு வந்தவருக்கு வெளிக்கீறல் விஷயத்தில் பிடி தளர்ந்துவிடும். பெட்டியையே பிரிக்காமல் வாங்கி வந்தவருக்குச் சட்டம் சாதகம். ஆனால் கீறல் யார் கையில் விழுந்தது என்று நிரூபிப்பது அவர் பாடு. என் கருத்தில் முதல் வழியே மேல். கடையிலேயே பார்த்து, குறை இருந்தால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சட்டமே தேவைப்படாது.

ஜவ்வரிசி வியாபாரம் தெரிந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. சாப்பிட்டால் ஒரே ருசிதான். ஆனாலும் வெண்மை குறைந்தால் விலை குறைகிறது. அந்த விலை வித்தியாசம் நியாயம் என்றால், கீறல் போனுக்குப் புதுப் போன் விலை கேட்பது எப்படி நியாயம்? குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து, வாங்குபவர் சம்மதித்து வாங்கினால் அது வேறு. அப்படி வாங்கினால் பில்லில் எழுதி வாங்கவும்.

கவுண்டரில் பத்து நிமிடம்

பணம் கட்டுவதற்கு முன் பெட்டியை உங்கள் கண் முன் பிரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கீறல் தெரியும். டியூப் லைட்டுக்கு நேர் கீழே தெரியாது. முதலில் நான்கு ஓரம், நான்கு மூலை. பிறகு முதுகு, கேமரா கண்ணாடியின் உட்புறம். திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் குறுகலாக இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்க்கலாம். பிறகு முழு வெள்ளைப் படம் ஒன்று, முழுக் கறுப்புப் படம் ஒன்று திரையில் வரவழையுங்கள். வெள்ளையில் மஞ்சள் பாய்ந்த இடமும் கறுப்புப் புள்ளியும் தெரியும். கறுப்பில் ஓரமாகக் கசியும் வெளிச்சமும், அணையாத புள்ளியும் தெரியும்.

திரைப் புள்ளி விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. பத்து லட்சம் புள்ளிக்கு எத்தனை செத்த புள்ளி இருக்கலாம் என்று வகுப்பு பிரிக்கும் சர்வதேசத் தர அளவுகோல் ஒன்று 2008 முதல் இருக்கிறது. அதைக் காட்டி, ஒன்றிரண்டு புள்ளி குறையல்ல என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. வாங்கும் முன் பார்த்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. வேறு போன் எடுங்கள் என்றால் முடிந்தது. ஆனால் திரையில் கோடு விழுவது தோற்றக் குறை அல்ல, பழுது. பச்சைக் கோடு விழுந்த விவகாரத்தில் சாம்சங், ஒன்பிளஸ் இரண்டும் 2024இல் வாரண்டி முடிந்த சில மாடல்களுக்குக்கூட இலவசத் திரை மாற்றம் அறிவித்தன.

தவணைத் திட்டத்தில் வாங்குபவர்கள் கவனிக்க ஒன்று. போனைத் திருப்பிக் கொடுத்தாலும் கடன் ஒப்பந்தம் தானாக ரத்தாகாது. கடை ரத்து செய்து கடன் நிறுவனத்துக்கு எழுதும் வரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் கடன் மதிப்பெண் அடிபடும். நாளைக்கு வங்கியில் கடைக்கு ஓவர்டிராப்ட் கேட்கும்போது அது வந்து நிற்கும். மாற்றுப் போன் கொடுத்தால் பில்லிலும், இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அதிலும் புது ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றி வாங்க வேண்டும்.

தபாலில் வரும் போன் என்றால், கூரியர் உறையில் ஒட்டிய விலாசம் தெரியும்படி தொடங்கி, பெட்டி பிரித்துப் போனைச் சுற்றிலும் காட்டும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. புகாரை அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர்கள் போட்டிருக்கும் மாற்றும் கெடு பெரும்பாலும் சில நாள்தான். வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். நல்ல நாள் பார்த்துப் பிரிக்க வைத்துக்கொள்ள வேண்டாம்.

மறுத்தால் என்ன செய்வது?

முதலில் எழுத்து. வாய்ப்பேச்சு எத்தனை முறை பேசினாலும் கணக்கில் வராது. பில் எண், தேதி, ஐ.எம்.இ.ஐ. எண், குறை, படம், "இந்தப் பொருளை ஏற்கவில்லை, மாற்றித் தரவும்" என்ற வாசகம் இவற்றைக் கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அன்றே அனுப்பிவிட வேண்டும். போனைப் பயன்படுத்தத் தொடங்கக் கூடாது; தொடங்கினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் அல்ல. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும் ஏற்பாடு. பெரிய கம்பெனிகளிடம் வழக்குக்கு முன்பே தீர இது ஒரு வழி.

அதிலும் ஆகவில்லை என்றால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முந்தைய சட்டத்தில் எதிராளி இருக்கும் ஊரிலோ, வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் வழக்கு என்ற தொல்லை இருந்தது. இப்போது நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தின் மூலமும் பதிவு செய்யலாம். பரிசோதனைச்சாலைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும் என்பதை மனத்தில் வைத்துத்தான் இறங்க வேண்டும்.

வணிகர்களாகிய நாம் தடுக்கி விழும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். போனைக் கடைப் பெயரில், ஜி.எஸ்.டி. எண் போட்டு வாங்கி, 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டால், "இவர் நுகர்வோரே அல்ல" என்பதுதான் எதிராளியின் முதல் வாதமாக இருக்கும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே தட்டச்சு செய்து பிழைப்பவர் வாங்கும் தட்டச்சு இயந்திரமும், தானே ஓட்டிப் பிழைப்பவர் வாங்கும் டாக்ஸியும் வணிக நோக்கம் ஆகாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்த நிறுவனத்துக்கோ, அது வாங்கிய இயந்திரம் வணிக நோக்கம்தான் என்று தீர்ப்பு வந்தது. தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு விலக்கு பொருந்த வாய்ப்புண்டு. நான்கு ஆள் வைத்து மொத்த வியாபாரம் செய்பவருக்குக் கடினம். பதினெட்டாயிரம் ரூபாய் பில்லில் உள்ள வரி 2,746 ரூபாய். அதை வரவு எடுப்பதா, நுகர்வோர் உரிமையை வைத்துக்கொள்வதா என்று ஆடிட்டரைக் கேட்டு முடிவு செய்வது நல்லது. வணிக நோக்கம் என்றே ஆனாலும் உரிமை போய்விடாது. சரக்கு விற்பனைச் சட்டப்படி சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். செலவும் காலமும் அதிகம், அவ்வளவுதான்.

போன் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு

மாற்றிக் கொடுத்தால் நஷ்டம் நம் தலையில் என்ற பயம் நியாயமானதே. கம்பெனி கைவிட்டால் சில்லறை வியாபாரிதான் நடுவில் நிற்கிறார். 2024 ஏப்ரலில் தென்னிந்திய அமைப்புசார் சில்லறை விற்பனையாளர் சங்கம், லாப விகிதம் குறைவு, வாரண்டி மற்றும் சர்வீஸ் கோரிக்கைகள் தாமதம் என்று காரணம் காட்டி, மே 1 முதல் ஒன்பிளஸ் பொருள்களை விற்கமாட்டோம் என்று அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. சுமார் 4,500 கடைகள் அதில் அடக்கம். பெரிய கடைகளுக்கே அந்த நிலை என்றால், ரீசார்ஜ் கடையில் நான்கு போன் அடுக்கி வைத்திருப்பவர் எம்மாத்திரம். ஆகவே விநியோகஸ்தரிடம் சரக்கு எடுக்கும்போதே, பெட்டி பிரித்ததும் தெரியும் குறைக்கு எத்தனை நாளில், எந்தச் சான்றிதழின் பேரில் மாற்றித் தருவார் என்று எழுதி வாங்குவது அவசியம். வந்த போனைப் பிரித்ததும் வேலை செய்யாவிட்டால் சர்வீஸ் சென்டர் சான்று கொடுத்து மாற்றுவார்கள். கீறலுக்கு அந்தச் சான்று கொடுக்கத் தயங்குவார்கள். அதனால்தான் தனியாக எழுதி வாங்கச் சொல்கிறேன்.

வரி பற்றிய சந்தேகத்துக்கு இடமில்லை. வாரண்டியில் இலவசமாக மாற்றித் தரும் உதிரிப் பாகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2023 ஜூலை 17 தேதியிட்ட 195ஆம் சுற்றறிக்கை சொன்னது. முழுப் பொருளையே மாற்றினாலும் அதே விதிதான் என்று 2024 ஜூன் 26 தேதியிட்ட 216ஆம் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. பணத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால் கிரெடிட் நோட் போட்டு வரியைச் சரிசெய்துகொள்ளலாம். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் கணக்கில் காட்ட வேண்டும்.

இறுதியாக, கவுண்டரில் வாடிக்கையாளர் முன் பெட்டியைப் பிரித்து, வெளிச்சத்தில் காட்டி, "பிரித்துக் காட்டி, வெளித்தோற்றம் சரிபார்த்து ஒப்படைக்கப்பட்டது" என்று பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 16ஆம் பிரிவின் நிபந்தனை அப்போது நம் பக்கம் நிற்கும். கையெழுத்து போட்ட பிரதியைக் குறைந்தது இரண்டு ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.